தோண்டின மேட்டை வாசிக்கிறது எப்பிடி: மேடு தாய்லாந்தில, வாசிக்கிற ஆள் திருகோணமலையில

எங்கட பக்கம் காட்டுக்குள்ள ஒரு செங்கல் மேடு தெரிஞ்சா முதல் வாறது சண்டைதான். செங்கல்லை ஒருத்தரும் சரியாப் பார்க்க முதலே "இது எங்கட", "இல்ல அது அவங்கட" எண்டு ரெண்டு கட்சி பிரிஞ்சிடும், பிறகு யார் என்ன சொன்னாலும் மற்றப் பக்கத்துக்குக் காது கேக்காது. அதால நான் தொல்லியல் ஆசையா வாற பிள்ளைகளுக்கு, ஏ.எல். வரலாறு படிக்கிற ஆக்களுக்கு, கைடு வேலை பார்க்கிற தம்பிமாருக்கு எல்லாம் சொல்லுறது ஒண்டுதான்: முதல்ல உங்களுக்கு ஒரு உரித்தும் இல்லாத மேட்டில வாசிச்சுப் பழகுங்கோ. அங்க தமிழனா சிங்களவனா எண்ட கேள்வி வராது, மனசு ஆறுதலா இருக்கும், அப்பதான் செங்கல் என்ன சொல்லுது, ஆக்கள் என்ன சொல்லுறாங்க எண்டு பிரிச்சுப் பார்க்க வரும்.

நான் தெரிஞ்செடுத்திருக்கிறது தாய்லாந்தில நகோன் பதோம் எண்ட ஊரில இருக்கிற சூல பதோன் சேதி. சேதி எண்டா எங்கட சைத்தியந்தான், தூபி. ஏன் இது எண்டா ரெண்டு தரம் தோண்டியிருக்கு, முதல் 1939-40ல பிரெஞ்சுக்காரர் பியேர் டுப்போன், பிறகு 1968ல தாய்லாந்துக் கலைத் திணைக்களம். ரெண்டு தரமும் வேற வேற சாமான் வெளியில வந்தது, அதைப் பார்த்த அறிஞர்மார் வேற வேற விதமா விளங்கிக்கொண்டாங்க, கட்டினது இன்னார் எண்டு சொல்லுற கல்வெட்டு மட்டும் இல்ல. பழகுறதுக்கு இதை விட நல்ல மேடு கிடைக்காது.

தேவையான சாமான் பெரிசா ஒண்டும் இல்ல. ஒரு சிஆர் கொப்பி, பென்சில், போன், கொஞ்சம் டேட்டா.

முதல்ல இடத்தைப் பிடியுங்கோ

போனில மெப்பைத் திறந்து பாங்கொக்கில இருந்து மேற்கால போங்கோ, கிட்டத்தட்ட 56 கிலோமீட்டர். நகோன் பதோம் டவுனுக்குள்ள ஒரு பெரிய செம்மஞ்சள் தூபி பளிச்செண்டு தெரியும், அதான் ப்ரா பதோம் சேதி, 120 மீட்டர் உயரம். அதைக் கண்டவுடன "ஆ இதுதான்" எண்டு நிண்டுடாதேங்கோ, அது நாங்க தேடுறது இல்ல. அது 1853ல மொங்குட் ராசா தொடக்கி, அவருக்குப் பிறகு 1870ல முடிஞ்ச வேலை, பழைய தூபி ஒண்டு அதின்ட வயித்துக்குள்ள மூடுப்பட்டுக் கிடக்கு. அதில இருந்து கிழக்கால கொஞ்சத் தூரம் வந்தா வாட் ப்ரா பிரதோன் எண்ட கோயில், அதுக்குக் கிட்டத்தான் எங்கட மேடு, ரோட்டுக்குப் பக்கத்தில செங்கல் சதுரமா.

இப்ப மெப்பை சட்டலைட் படத்துக்கு மாத்திப்போட்டு கொஞ்சம் தூர நிண்டு பாருங்கோ. பழைய நகரத்தின்ட அகழிக் கோடு வாய்க்கால் மாதிரி அங்க இங்க தெரியும், ஏறத்தாழ 3,700 மீட்டருக்கு 2,000 மீட்டர், பெரிய நகரந்தான். அதின்ட நடுவில இருக்கிறது ப்ரா பிரதோன் பக்கம், இண்டைக்கு எல்லாரும் கும்பிடப் போற 120 மீட்டர் தூபி அகழிக்கு வெளியில மேற்கால நிக்குது. இது ஒரு பெரிய விசயம். இண்டைக்கு எது பெரிசோ அதுதான் அண்டைக்கும் நடு எண்டு நாங்களா நினைச்சுக்கொள்ளுறது, அந்த நினைப்பு இந்த ஒரு படத்தோட உடைஞ்சிடும். கொப்பியில கையால ஒரு சின்னக் கீறல் படம் போடுங்கோ, அகழி, நடுத் தூபி, எங்கட மேடு, பெரிய தூபி, ரெயில் பாதை. ஸ்க்ரீன்ஷொட் எடுத்து வைச்சா மூளையில நிக்காது, கீறினாத்தான் நிக்கும்.

ஒரு சின்ன உபாயம்: தேடேக்க ரோமன் எழுத்தில அடிச்சா ஒரு பேருக்கு நாலு ஸ்பெல்லிங் வரும், பாதி ரிசல்ட் தப்பிடும். மெப்பில அந்த இடத்தின்ட பேர் தாய் எழுத்தில இருக்கும்தானே, அதைக் கொப்பி பண்ணி அப்பிடியே தேடுங்கோ, வாறதை போனே மொழிபெயர்த்துத் தரும், அரைகுறையாத்தான் தரும் எண்டாலும் படமும் வருசமும் விளங்கும்.

வருசத்தில விழுந்துடாதேங்கோ

தாய்லாந்துப் பலகையில, அறிக்கையில, மியூசியத்தில எல்லாம் வருசம் பௌத்த வருசத்தில இருக்கும். 2483 எண்டு இருந்தா 543 கழியுங்கோ, 1940. இங்க ஒரு பொறி இருக்கு. எங்கட நாட்டுப் பௌத்த வருசம் அவங்கடதை விட ஒண்டு முன்னுக்கு. 2500வது புத்த ஜயந்தி இலங்கையில 1956, தாய்லாந்தில 1957. அதால எங்கட பன்சலைக் கலண்டரைப் பார்த்துக் கணக்குப் போட்டா ஒரு வருசம் பிசகும்.

அடுத்த பொறி இன்னும் நுணுக்கம். 1941க்கு முதல் தாய்லாந்தில புதுவருசம் ஏப்ரல் 1ல பிறந்தது. அப்ப 2482 எண்டுறது 1939 ஏப்ரலில தொடங்கி 1940 மார்ச் வரைக்கும் ஓடின வருசம். டுப்போன் தோண்டினது சரியா இந்தக் காலத்தில எண்டதால 1940 தையில நடந்த வேலைக்கு 2482 எண்டு கடதாசியில இருந்தா, நீங்க கண்ணை மூடிக்கொண்டு 543 கழிச்சு 1939 எண்டு எழுதிடுவீங்க. மாதம் தெரியாட்டி "1939-40" எண்டு ரெண்டையும் போட்டு விடுறதுதான் மரியாதை.

இன்னொண்டு நூற்றாண்டு. "12ம் பௌத்த நூற்றாண்டு" எண்டு தாய் ஆக்கள் எழுதுவாங்க. அதை அப்பிடியே எங்கட 12ம் நூற்றாண்டு எண்டு எடுத்தா நேரா பராக்கிரமபாகு காலத்துப் பொலன்னறுவைக்குப் போயிடுவீங்க, உண்மையில அது கி.பி. 558ல இருந்து 657 வரைக்கும். அஞ்சு நூறு வருசம் பிழைக்கும். நெட்டில வாற கனக்கக் கட்டுரையில இந்தப் பிழை அப்பிடியே கிடக்கு, அதால ஒரு திகதி கண்டா "இது எந்தக் கணக்கு" எண்டு கேட்டுப்போட்டுத்தான் கொப்பிக்குள்ள எடுக்கோணும்.

மூண்டு நிரல் போடுங்கோ

இதுதான் முழு வேலையின்ட முதுகெலும்பு. கொப்பியின்ட பக்கத்தை மூண்டாப் பிரியுங்கோ. முதல் நிரல் "கண்டது", ரெண்டாவது "ஒப்பிட்டது", மூண்டாவது "கதை". மண்ணுக்குள்ள இருந்து வந்து தொடக்கூடியதா இருந்தது எல்லாம் முதல் நிரல். இது அது மாதிரி இருக்கு, அதால இந்தக் காலம், இந்தச் சமயம் எண்டு அறிஞர்மார் சொல்லுறது ரெண்டாவது. ஊர்ச் சனம், பழைய ஏடு, கோயில் ஐதீகம் சொல்லுறது மூண்டாவது. ஒரு வசனம் வாசிச்சா உடன யோசியுங்கோ, எந்த நிரல் எண்டு. அநேகமான கட்டுரையில ஒரே வசனத்துக்குள்ள மூண்டும் கலந்து கிடக்கும், அதைப் பிய்ச்சு எடுக்கிறதுதான் பயிற்சி.

எங்கட மேட்டுக்கு முதல் நிரலில என்ன வரும் எண்டா: செங்கல்லால கட்டின சதுர அத்திவாரம், நாலு பக்கமும் படிக்கட்டு, பக்கச் சுவரில மாடம், புத்தர் உருவங்கள். ஒண்டுக்கு மேல ஒண்டாக் கட்டின அடையாளம், டுப்போன் அதை மூண்டு நிலையாப் பிரிச்சார். 1968ல அத்திவாரத்தைச் சுத்தி சுடுமண்ணாலயும் சுதையாலயும் செய்த சிற்பப் பலகைகள் வெளியில வந்தது. அவ்வளவுதான். கட்டினவன் பேர் இல்ல, வருசம் இல்ல.

கட்டடத்தைப் படை படையாப் பாருங்கோ

மூண்டு நிலை எண்டா என்ன எண்டு கன பேருக்கு விளங்குறதில்ல. எங்கட ஊரில வீடு கட்டுற விதத்தை யோசியுங்கோ, அப்பா ஒரு அறையும் குசினியும் கட்டுவார், அக்காவின்ட கலியாணத்துக்கு முன் விறாந்தை வரும், பிறகு வெளிநாட்டுக் காசில மேல்மாடி, கடைசியில பார்த்தா பழைய யன்னல் ஒண்டு புதுச் சுவருக்குள்ள அடைபட்டுக் கிடக்கும். சூல பதோனும் அப்பிடித்தான். பிறகு வந்தவங்க பழைய அத்திவாரத்தைச் சுத்தி இன்னொரு சுவரை எழுப்பி மூடினாங்க, அப்பிடி மூடினதாலதான் அந்தப் பலகைகள் மழை வெயில் படாமல் தப்பினது.

இதில இருந்து ஒரு முறை எடுங்கோ. "இந்தக் கட்டடம் எப்ப கட்டினது" எண்டு கேக்காதேங்கோ, அந்தக் கேள்வி பிழை. "இந்தப் படை எப்ப, அதுக்கு மேல வந்தது எப்ப" எண்டு கேளுங்கோ. கொப்பியில சதுரத்துக்குள்ள சதுரமா மூண்டு கீறி, எந்தப் பொருள் எந்தப் படையோட ஒட்டினது எண்டு குறியுங்கோ. ஒரு புத்தர் சிலை மாடத்துக்குள்ள இருந்தா அந்த மாடம் எந்தப் படை எண்டு பாருங்கோ. மேட்டுக்கு மேல விழுந்து கிடந்த சிலை எண்டா அது படைக்குச் சாட்சி இல்ல, யாரும் எப்பவும் கொண்டுவந்து வைச்சிருக்கலாம்.

தோண்டினதுக்கும் அச்சில வந்ததுக்கும் இடையில எவ்வளவு காலம் எண்டும் குறிச்சு வையுங்கோ. டுப்போன் 1955ல செத்திட்டார், அவரின்ட பெரிய ஆய்வு 1959லதான் வெளிவந்தது. நடுவில ஒரு உலக யுத்தம். இருபது வருசத்துக்குக் கிட்ட ஒரு தோண்டல் குறிப்பு கிடந்து, எழுதினவர் இல்லாத நேரத்தில அச்சாகுது எண்டா, வாசிக்கேக்க அதுக்கு ஏத்த கவனம் வேணும். அவரைக் குறை சொல்ல இல்ல, மனுசன் 1968ல வந்த பலகைகளைப் பார்க்கவே இல்லையே.

பலகைச் சண்டை

இதுதான் எனக்குப் பிடிச்ச பகுதி, அதால கொஞ்சம் நீளும்.

1968ல பலகைகள் வந்த பிறகு பிரியா கிரைரிக்ஷ் எண்ட தாய் கலை வரலாற்றாசிரியர் அதுகளை ஒண்டு ஒண்டா எடுத்து என்ன கதை எண்டு அடையாளம் கண்டார், 1974ல எழுதினார். அவர் சொன்னது என்னெண்டா இந்தக் கதைகள் சமஸ்கிருத அவதானக் கதைகளோட (முற்பிறப்பு வினையும் அதின்ட பலனும் சொல்லுற பௌத்தக் கதைகள்) பொருந்துது, அதால இந்தத் தூபியோட இருந்தவங்க சர்வாஸ்திவாதம் எண்ட, சமஸ்கிருத நூல்களைப் பாவிச்ச பழைய பௌத்தப் பிரிவைச் சேர்ந்த ஆக்களா இருக்கோணும். பெரிய வெடி இது, ஏனெண்டா அதுவரைக்கும் துவாரவதி (அந்தப் பக்கத்து 6ம் நூற்றாண்டில இருந்து 11ம் நூற்றாண்டு வரைக்குமான பழசுக்கு வைச்சிருக்கிற பேர்) எண்டாலே பாளி, தேரவாதம் எண்டுதான் எல்லாரும் பழகி இருந்தாங்க. பிறகு 1978ல நந்தனா சுத்திவோங்ஸ் மறுத்து எழுதினா. அவவின்ட வாதம், இதே கதைகள் பாளி மரபிலயும் இருக்குதுதானே, பிறகு எப்பிடிச் சிற்பத்தை மட்டும் வைச்சு ஒரு பிரிவுக்கு முத்திரை குத்துறது எண்டு.

ஒரு உதாரணம் எடுப்பம். சமஸ்கிருதத்தில மைத்ரகன்யகன், பாளியில மித்தவிந்தகன். வியாபாரிக் குடும்பத்துப் பெடியன், கடலுக்குப் போகவேண்டாம் எண்டு தாய் மறிக்க அவவை உதைச்சுப்போட்டுக் கப்பல் ஏறுறான், ஒவ்வொரு இடமா அழகான பெண்கள் வரவேற்க ஆசை அடங்காமல் மேல மேல போய் கடைசியில தலையில நெருப்புச் சக்கரம் சுத்துற ஒருத்தனைக் காணுறான், அந்தச் சக்கரம் இவன்ட தலைக்கு மாறுது. கதையின்ட உடம்பு ரெண்டிலயும் கிட்டத்தட்ட ஒண்டுதான். சமஸ்கிருத வடிவத்தில அவன் "வேற ஒருத்தருக்கும் இந்த வேதனை வேண்டாம், நானே சுமக்கிறன்" எண்டு நினைக்க சக்கரம் விலகுது, அவன் போதிசத்துவனா நிக்கிறான். பாளியில அவன் பாவி, போதிசத்துவன் வேற ஆள். இப்ப சொல்லுங்கோ, ஒரு உடைஞ்ச சுதைப் பலகையில அந்தப் பெடியன் மனசுக்குள்ள என்ன நினைச்சான் எண்டு எப்பிடித் தெரியும்?

அதால வாசிக்கிற முறை இப்பிடி. முதல் பலகையில கண்ணுக்குத் தெரியிறதை மட்டும் எழுதுங்கோ: எத்தனை ஆள், யார் இருக்கினம், யார் நிக்கினம், கை எங்க, எந்தத் துண்டு உடைஞ்சு போச்சு. கதைப் பேர் எழுதாதேங்கோ. பிறகு பக்கத்தில "இன்னார் சொல்லுற கதை" எண்டு பேரோட எழுதுங்கோ. பிறகு அந்தக் கதை இல்லாட்டி வேற எந்தக் கதைக்கு இதே படம் பொருந்தும் எண்டு ஒண்டாவது தேடுங்கோ. பொருந்தினா அந்த அடையாளத்துக்குப் பக்கத்தில ஒரு கேள்விக்குறி. கதை சரி எண்டே வைப்பம், அதில இருந்து "இந்தப் பிரிவுக்காரர்" எண்டு பாயுறது இன்னொரு பாய்ச்சல், அதுக்கு இன்னொரு கேள்விக்குறி. நான் யாரின்ட பக்கம் எண்டு கேட்டா, கதைகளை அடையாளம் கண்ட வேலையில பிரியாவுக்கு ஒரு கும்பிடு, சமயப் பிரிவு விசயத்தில நந்தனாதான் கவனமான ஆள். நகோன் பதோம் பக்கம் கிடைச்ச "யே தம்மா" எண்டு தொடங்குற பௌத்தச் சூத்திர வாசகங்கள் பாளியில இருக்கு, அது ஒரு பக்கத்துச் சாட்சி, ஆனா ஒரு நகரத்தில ஒரே ஒரு பிரிவுதான் இருந்திருக்கோணும் எண்டு சட்டமா? அனுராதபுரத்தில மகாவிகாரையும் அபயகிரியும் பக்கத்தில பக்கத்தில இருந்து சண்டை பிடிச்சதுதானே.

பலகைகள் எல்லாத்தையும் மேட்டிலயே தேடாதேங்கோ. ப்ரா பதோம் சேதி வளவில இருக்கிற தேசிய மியூசியத்திலயும் பாங்கொக் தேசிய மியூசியத்திலயும் இருக்கு.

ஒத்தைப் பொருளை நம்பி வீடு கட்டாதேங்கோ

இதுக்குப் பக்கத்து மாகாணத்துக் கதை ஒண்டு. காஞ்சனபுரியில மெக்லோங் ஆத்துக் கரையில போங் துக் எண்ட இடம், 1927ல ஜோர்ஜ் சேடெஸ் எண்ட பிரெஞ்சு அறிஞர் அங்க கட்டட அத்திவாரங்களைத் தோண்டினார். அந்த ஊரில ஒரு வெண்கல விளக்கு கிடைச்சது, மத்தியதரைக் கடல் பக்கத்துச் சாமான், முதல்ல அதை ரோமர் விளக்கு, கி.பி. முதலாம் ரெண்டாம் நூற்றாண்டு எண்டாங்க. உடன அந்த இடமே அவ்வளவு பழசு எண்டு கதை ஓடினது. 1989ல ரொபேர்ட் பிரௌனும் அன்னா மக்டொனலும் திரும்பப் பார்த்து அது பைசாந்தியக் காலத்து விளக்கு, 5ம் 6ம் நூற்றாண்டு எண்டு காட்டினாங்க. விளக்கு அதே விளக்குத்தான், நாலு நூறு வருசம் இளமையாப் போச்சு. துறைமுக ஊரில இருக்கிற எங்களுக்கு இது விளங்கும், கப்பலில வாற சாமான் எப்ப செய்தது, எப்ப வந்தது, எத்தினை தலைமுறை அலுமாரியில இருந்தது, எப்ப மண்ணுக்குள்ள போனது எல்லாம் வேற வேற திகதி.

ஒப்பிடுற வேலையிலயும் இதே கவனம். நகோன் பதோமிலயே வாட் ப்ரா மென் எண்ட இன்னொரு மேட்டையும் டுப்போன் தோண்டினார், அதின்ட தரைப்படத்தை மியன்மாரில பகானில இருக்கிற ஆனந்தா கோயிலோட ஒப்பிட்டார். ஆனந்தா 12ம் நூற்றாண்டுத் தொடக்கம் எண்டு சொல்லுறது வழக்கம், நகோன் பதோம்காரர் அதுக்கு எவ்வளவோ முந்தின ஆக்கள். அப்ப ஒப்பீடு எண்டு எழுதினா அம்புக்குறி எந்தப் பக்கம் போகுது எண்டு கீறுங்கோ, இல்லாட்டி பேரன் தாத்தாவைப் பெத்த மாதிரிப் போயிடும்.

செங்கல்லைப் பாருங்கோ, தொடாதேங்கோ

துவாரவதிச் செங்கல் பெரிசு, உடைஞ்ச முகத்தில உமி எரிஞ்ச ஓட்டை ஓட்டையாத் தெரியும். மண்ணோட நெல் உமி கலந்து சுட்டிருக்காங்க. இது நல்ல விசயம், உமி எண்டா கார்பன் திகதி பார்க்கலாம். ஆனா அந்தத் திகதி செங்கல் சுட்ட திகதி, சுவர் எழுப்பின திகதி இல்ல. பழைய கட்டடத்தை உடைச்சு அந்தச் செங்கல்லை எடுத்துப் புதுசு கட்டுறது எல்லாக் காலத்திலயும் நடந்த வேலை. நகோன் பதோமில ரெயில் பாதை போட்ட காலத்தில பழைய மேடுகளின்ட செங்கல்லை அள்ளிக்கொண்டுபோனதும் அப்பிடித்தான். அதால ஒரு மேடு இண்டைக்கு என்ன உருவத்தில நிக்குதோ அதில பாதி கட்டினவங்கட வேலை, மற்றப் பாதி அள்ளினவங்க, தோண்டினவங்க, திருத்திக் கட்டினவங்கட வேலை. போட்டோ பார்க்கேக்க புதுச் செங்கல் எது எண்டு நிறத்தை வைச்சுப் பிரியுங்கோ. பழைய கறுப்பு வெள்ளைப் படம் கிடைச்சா இன்னும் நல்லம், ரெண்டையும் பக்கத்தில வைச்சுப் பாருங்கோ.

கதையைத் தூக்கி எறியாதேங்கோ

மூண்டாவது நிரல் எண்டால் குப்பை எண்டு அர்த்தமில்ல. அந்த ஊரில பியா கோங், பியா பான் எண்ட கதை சின்னப் பிள்ளைக்கும் தெரியும்: மகன் தெரியாமல் தகப்பனைக் கொல்லுறான், பிறகு தன்னை வளர்த்த கிழவி யாய் ஹோமையும் கொல்லுறான், பாவம் தீர புறா பறக்கிற உயரத்துக்குத் தூபி கட்டுறான். இன்னொரு ஐதீகத்தில எங்கட நாடும் வருது. புத்தர்ட தாதுவை அளந்த பொன் நாழியை அங்க பிராமணர் வைச்சிருந்தாங்களாம், ராசா அதைக் கேட்டுக் குடுக்க மறுக்க வலுவில எடுத்து இலங்கை மன்னனுக்கு அனுப்பினாராம், அதோட சேர்ந்ததுதான் ப்ரா பிரதோன் தூபி எண்டு சொல்லுவாங்க. இது 7ம் நூற்றாண்டுச் சங்கதிக்குச் சாட்சி இல்ல. ஆனா பிற்காலத்து ஆக்கள் அந்த மேடுகளைப் பார்த்து இலங்கையை நினைச்சாங்க எண்டதுக்கு நல்ல சாட்சி. அதால கதைக்குப் பக்கத்தில "எப்ப எழுதினது" எண்ட திகதியைப் போடுங்கோ, "எதைப் பற்றி" எண்ட திகதியை இல்ல.

இலங்கை எண்டவுடன 1753ல உபாலி தேரர் அயுத்தியாவில இருந்து வந்து திருகோணமலையில இறங்கின கதையை இதோட முடிச்சுப்போடாதேங்கோ, நான் கன இடத்தில கேட்டிருக்கிறன். அது துவாரவதி மறைஞ்சு எத்தினையோ நூறு வருசத்துக்குப் பிறகு, வேற ராச்சியம்.

துவாரவதி எண்ட லேபலும் அப்பிடித்தான். 7ம் நூற்றாண்டில யுவான் சுவாங் எண்ட சீன யாத்திரீகர் அந்தத் திசையில இப்பிடி ஒரு நாடு இருக்கெண்டு எழுதினார். நகோன் பதோமில வெள்ளிக் காசு கிடைச்சது, அதில "ஸ்ரீ துவாரவதீஸ்வர புண்ய" எண்டு சமஸ்கிருதத்தில இருக்கு, அப்ப துவாரவதித் தலைவன் ஒருத்தன் இருந்தான். இது முதல் நிரல். ஆனா 6ம் நூற்றாண்டில இருந்து 11ம் நூற்றாண்டு வரைக்கும் அந்தச் சமவெளியில கிடைக்கிற எல்லாத்துக்கும் இதே பேரைக் கலை வரலாற்றுக்காரர் போட்டிட்டாங்க. ஒரு ராசாவின்ட பேரா, நகரமா, ஒரு பாணியா எண்டு ஒவ்வொரு தரமும் பாருங்கோ. எங்கட மேட்டுக்கு நான் எழுதுறது "துவாரவதிப் பாணி" எண்டு மட்டுந்தான்.

நேர போறதெண்டால்

பாங்கொக்கில இருந்து ரெயில் இருக்கு, நகோன் பதோம் ஸ்டேசனில இறங்கினா பெரிய தூபி நேர தெரியும். தாய் தேசிய மியூசியங்கள் வழக்கமாத் திங்களும் செவ்வாயும் பூட்டு, அதால புதனில இருந்து ஞாயிறுக்குள்ள போங்கோ, போக முதல் நேரத்தை ஒருக்காப் பாருங்கோ. என்ட கட்சி முதல் மேடு, பிறகு மியூசியம். மேட்டைச் சுத்தி ஒரு தரம் அறிவிப்புப் பலகை ஒண்டும் வாசிக்காமல் நடந்து நீங்க கண்டதை எழுதுங்கோ, பிறகு அந்தப் பலகை. முதலே பலகையை வாசிச்சா அது சொன்னதைத்தான் கண் தேடும். போட்டோ எடுக்கேக்க அளவுக்கு ஒரு பேனையைத் தரையில வைச்சு எடுங்கோ, சுவரில சாத்தாதேங்கோ. படியில, அத்திவாரத்தில ஏறி செல்பி வேண்டாம். ஒரு துண்டுச் செங்கல்லும் பேக்குக்குள்ள போகக்கூடாது, அங்க 1961ம் ஆண்டுச் சட்டம், இங்க 1940ம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டம், ரெண்டும் விளையாட்டு இல்ல.

பிறகு அதே கொப்பியோட ஊருக்குள்ள

தாய்லாந்து போகக் காசு இல்லாட்டியும் பரவாயில்ல, படத்தை வைச்சே ரெண்டு கிழமை பழகினா கை வந்திடும். பிறகு புல்மோட்டை ரோட்டில பஸ் ஏறி நிலாவெளி, குச்சவெளி தாண்டித் திரியாய்க்குப் போங்கோ. அங்க வட்டதாகே (தூபியைச் சுத்தி வட்டமாக் கட்டின கட்டடம்) இருக்கு, பாறையில சமஸ்கிருதக் கல்வெட்டு இருக்கு, அதில கிரிகண்டிச் சைத்தியமும் வியாபாரிகள்ட பேரும் வருது. புத்தர்ட முடியைக் கொண்டுவந்து வைச்ச கதையும் அறிவிப்புப் பலகையில இருக்கும். எது எந்த நிரல் எண்டு நீங்களே போடுங்கோ.

மற்றது பெரியகுளத்துப் பக்கம் வெல்கம் விகாரை, எங்கட ஆக்கள் நாதனார் கோயில் எண்டு சொல்லுற இடம். அங்க 11ம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கு, இராசராசப் பெரும்பள்ளி எண்டு பேர், விளக்குக்கும் பசுவுக்கும் தானம் குடுத்த செய்தி. தமிழ் பேசின பௌத்தர் தானம் பண்ணின பௌத்தப் பள்ளி. "எங்கட", "அவங்கட" எண்டு ரெண்டு பெட்டியை மட்டும் கையில வைச்சுக்கொண்டு போற ஆளுக்கு இந்த இடத்தை எதுக்குள்ளயும் போடேலாது, மூண்டு நிரலோட போற ஆளுக்கு ஒரு கஷ்டமும் இல்ல, கல்வெட்டு முதல் நிரல், மிச்சத்தைப் பிறகு பார்க்கலாம். காட்டுக்குள்ள புதுசா மேடு எதையும் கண்டா மட்டும் கிண்டாமல், போட்டோவும் இடமும் குறிச்சு தொல்பொருள் திணைக்களத்துக்கும் கிராம சேவையாளருக்கும் எழுத்தில குடுத்துக் கொப்பி ஒண்டை வைச்சுக்கொள்ளுங்கோ. லொக்கேசனை எல்லாரும் பார்க்கப் போடாதேங்கோ, புதையல் தோண்டுற ஆக்கள் உங்களுக்கு முதல் போய் நிப்பாங்க.

கடைசியா ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு பக்கக் குறிப்பு எழுதுங்கோ. சூல பதோனுக்கு என்டது கிட்டத்தட்ட இப்பிடி இருக்கு: "செங்கல் தூபி அத்திவாரம், சதுரம், நாலு பக்கமும் படி, மூண்டு கட்டட நிலை (டுப்போன்). சுடுமண், சுதைப் பலகைகள், 1968. துவாரவதிப் பாணி. கட்டியவர் பேர் இல்லை. கதைகள்: கிரைரிக்ஷ் சமஸ்கிருதம் என்கிறார், சுத்திவோங்ஸ் பாளியிலும் உண்டு என்கிறார், பிரிவு தீரவில்லை." மேல திகதி கட்டாயம் போடுங்கோ. 2019ல நகோன் பதோம் வாட் ப்ரா ஙாமில தோண்டேக்க துவாரவதி எண்ட பேரோட ஒரு கல்வெட்டு வந்தது, அதுக்கு முதல் எழுதின குறிப்பையும் பிறகு எழுதினதையும் வாசிக்கிற ஆள் பிரிச்சு அறியிறது அந்தத் திகதியை வைச்சுத்தான்.